தோலில் கோடு, உள்ளே கட்டி
வரலாற்றுத் தொடர் – 14

புற்றுநோய் மருத்துவமனைக்கு யாருக்காவது துணையாகப் போய்வந்தவர்களுக்கு அந்த ஊதாக் கோடுகள் பழக்கமானவை. நெஞ்சிலோ அடிவயிற்றிலோ இடுப்பிலோ கூட்டல் குறிபோல இரண்டு மூன்று இடங்களில் மையால் போட்டிருப்பார்கள். “கரண்ட் வெச்சு முடிக்கிற வரைக்கும் இந்தக் கோடு அழியக்கூடாதும்மா, சோப்புப் போட்டுத் தேய்ச்சுடாதீங்க” என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்குப் போகிறவர் ஐந்தாறு வாரம் அந்தக் கோட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவார். வியர்வையில் கொஞ்சம் மங்கினாலும் மனம் பதறும். சில இடங்களில் மைக்குப் பதிலாக ஊசியால் ஒரு கரும்புள்ளி பச்சை குத்திவிடுவதும் உண்டு.

அந்தக் கோடு ஒரு விலாசம். கதிர்ச் சிகிச்சை மேஜையில் படுத்ததும் சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய லேசர் கோடுகள் உடம்பில் விழும். தொழில்நுட்பர் மேஜையை மேலே கீழே, இடம் வலம் என்று நகர்த்தி, லேசர் கோட்டையும் மைக்கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று படியவைப்பார். இரண்டும் சேர்ந்துவிட்டால் உடம்பு நேற்றைய இடத்திலேயே இருக்கிறது என்று கணக்கு. தோல் நேற்றைய இடத்தில்தான் இருக்கிறது. தோலுக்கு 10 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் கட்டி?

சென்ற இதழில் 1951ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நின்றோம். அக்டோபர் 27 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரிலும், நவம்பர் 8 அன்று சஸ்கட்டூனிலும் கோபால்ட் கதிர் முதன்முதலாக நோயாளிகள்மீது பாய்ந்தது. கனடாவிலிருந்து ஓர் எல்டொராடோ கோபால்ட் இயந்திரம் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கும் அந்தப் பத்தாண்டிலேயே வந்து சேர்ந்தது. 1953இல் இங்கிலாந்தின் லண்டனில், ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் லினியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக், வேலைக்கு வந்தது. தோலைப் பொசுக்காமல் ஆழத்தில் உள்ள கட்டியை எட்டும் சக்தி அத்தோடு மருத்துவர்களின் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டி இந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் கண் மட்டும் வரவில்லை. அது வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. இந்த இதழ் அந்தக் கண்ணின் கதை.

*

கண் இல்லாதபோது மருத்துவர் என்ன செய்வார்? தெரியாததற்கெல்லாம் சேர்த்து வட்டத்தைப் பெரிதாகப் போடுவார். வேறு வழியில்லை.

அதற்கு என்ன விலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கட்டி ஒன்று. சின்ன எலுமிச்சம்பழம் அளவு. அதன் கன அளவு ஏறக்குறைய 34 கன சென்டிமீட்டர். படுக்கவைப்பதில் பிசகு நேரலாம், உள்ளே கட்டி நகரலாம் என்று சுற்றிலும் 1 சென்டிமீட்டர் கூட்டினால் எலுமிச்சை சாத்துக்குடியாகிவிடும். குறுக்களவு 6 சென்டிமீட்டர். கன அளவு 113. கதிர் படும் சதையில் பத்தில் ஏழு பங்கு நோயில்லாத சதை! அதே விளிம்பை 3 மில்லிமீட்டராகக் குறைக்க முடிந்தால் மொத்தம் 51 கன சென்டிமீட்டரில் முடிந்துவிடும். விளிம்பில் குறைவது 7 மில்லிமீட்டர்தான். ஆனால் தப்பிக்கும் சதை பாதிக்கும் மேல். அந்தச் சதை சிறுநீர்ப்பையாக இருக்கலாம், கண் நரம்பாக இருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் ஒரு வாய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் இறங்காதவர்களுக்கு அந்தச் சில மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

ஆகவே இந்த வரலாற்றை ஆண்டுக் கணக்கில் சொல்வதைவிட மில்லிமீட்டர் கணக்கில் சொல்வதே பொருத்தம்.

*

1970களின் தொடக்கம் வரை திட்டம் வரைந்த முறையைக் கேட்டால் இன்று நம்பக் கடினமாக இருக்கும். நோயாளியை நேராகப் படுக்கவைத்து, வளையக்கூடிய ஓர் உலோகக் கம்பியை வயிற்றைச் சுற்றி அழுத்தி, உடம்பின் வளைவை அதில் பிடிப்பார்கள். வளைந்த கம்பியை அலுங்காமல் எடுத்து வரைபடத் தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார்கள். உடம்பின் வெளிக்கோடு கிடைத்துவிடும். உள்ளே கட்டி எங்கே? எக்ஸ்ரே படத்தில் தெரியும் எலும்பை அடையாளமாக வைத்து, கையால் தடவிப் பார்த்த நினைவையும் உடற்கூற்றுப் புத்தகத்தையும் சேர்த்து மருத்துவர் அதையும் பென்சிலால் வரைவார். அந்தப் படத்தின்மேல்தான் கதிரின் அளவு கணக்கிடப்பட்டது. அந்த முறையிலும் ஆயிரக்கணக்கானோர் பிழைத்திருக்கிறார்கள். அன்றைய மருத்துவர்களின் கையும் கண்ணும் அவ்வளவு பழகியிருந்தன.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலையை காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. சி.டி. ஸ்கேன் பிறந்தது. இசைத்தட்டு வெளியிட்டுப் பெயர்பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட். 1979இல் ஆலன் கோர்மக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோயைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இயந்திரம் வந்தது. கதிர்ச் சிகிச்சைக்காரர்களுக்கோ அதில் இரட்டை லாபம். கட்டியை அதன் உண்மையான வடிவத்தில் பார்க்க முடிந்தது. அதோடு, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்தில் சதை எவ்வளவு அடர்த்தி என்பதற்கான எண்ணாகவும் இருந்தது. நுரையீரல் வழியே போகும் கதிர் எவ்வளவு மிச்சமாகும், எலும்பு வழியே போவது எவ்வளவு தேயும் என்று கணக்கிட இதைவிட வேறென்ன வேண்டும்?

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மைக்கேல் கோய்ட்டீன் என்ற இயற்பியலர் ஒரு நேரடிச் சோதனையில் இறங்கினார். முதலில் சி.டி. இல்லாமல் திட்டம் போடச் சொன்னார்கள், பிறகு சி.டி. படத்தைக் கையில் கொடுத்தார்கள். 1979இல் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய பாதி நோயாளிகளுக்குத் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தலைசிறந்த மருத்துவமனை ஒன்றிலேயே, அனுபவசாலிகள் பென்சிலால் போட்ட வட்டத்தில் பாதிக்குத் திருத்தம் தேவைப்பட்டது.

கதிர் புறப்படும் இடத்தில் கண்ணை வைத்தால் உடம்பின் உள்ளே எது எதை மறைக்கிறது என்று காட்டும் கணினிப் படத்தையும் கோய்ட்டீன் 1983இல் உருவாக்கிக் கொடுத்தார். இன்றைக்கு எந்தத் திட்ட அறைக்குள் போனாலும் திரையில் அந்தக் கோணம் இருக்கும்.

1993இல் வெளியான 50ஆம் எண் அறிக்கையில், கதிர் அளவீட்டுக்கான சர்வதேச ஆணையம் இந்த வட்டங்களுக்கெல்லாம் ஒழுங்கான பெயர் வைத்தது. கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒரு வட்டம். கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் பரவியிருக்கக்கூடிய நோய்க்காக அதைச் சுற்றி இரண்டாவது வட்டம். அசைவுக்கும் பிசகுக்கும் இடம் விட்டு மூன்றாவது வட்டம். முதல் இரண்டும் நோயின் வட்டங்கள். மூன்றாவது நம் அறியாமையின் வட்டம். இந்தக் கதையின் மிச்சப் பகுதி முழுக்க அந்த மூன்றாவது வட்டத்தோடு நடந்த போராட்டம்தான்.

*

சி.டி. ஸ்கேன் ஒரு நாள் எடுத்த படம். சிகிச்சையோ வாரக்கணக்கில் நடப்பது. இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையத்திலிருந்து 2005இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய ஆய்வு இது.

புரோஸ்டேட் சுரப்பி மலக்குடலுக்கு முன்னால், சிறுநீர்ப்பைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குடித்தனக்காரர் மாதிரி, பின்வீட்டில் கூட்டம் சேர்ந்தால் அது முன்னால் தள்ளப்படும். ஆய்வில் 127 ஆண்கள். புரோஸ்டேட் புற்றுநோய்க்காகக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள். திட்டம் போடுவதற்காக ஆரம்பத்தில் எடுத்த சி.டி. படத்தில் மலக்குடல் எவ்வளவு விரிந்திருந்தது என்று ரெனோ த க்ரெவ்வாசியேவும் சகாக்களும் அளந்தார்கள். அன்றைக்கு மலக்குடல் புடைத்திருந்தவர்களுக்கு நோய் திரும்பி வருவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

ஏன்? ஸ்கேன் எடுத்த அன்று மலமோ வாயுவோ சேர்ந்து மலக்குடல் உப்பியிருந்தது. அது புரோஸ்டேட்டை முன்னுக்குத் தள்ளியிருந்தது. திட்டம் அந்த இடத்தைக் குறிவைத்துத் தயாரானது. பிறகு வந்த நாட்களில் மலக்குடல் சுருங்கியது. புரோஸ்டேட் தன் பழைய இடத்துக்குப் பின்வாங்கியது. தோலில் கோடு மட்டும் இம்மியும் பிசகாமல் லேசரோடு பொருந்திக்கொண்டே இருந்தது. வாரக்கணக்காகக் கதிர் ஒழுங்காகப் பாய்ந்தது. கட்டியின் ஒரு பகுதி இருந்த இடத்தில்தான் பாயவில்லை. ஒருவருக்கு நோய் திரும்புவதும் திரும்பாததும் ஒரு நாள் காலையில் அவர் வயிறு இருந்த நிலையைப் பொறுத்ததாகிவிட்டது.

இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் கதிர் அறைக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். “காலையில மோஷன் போயிட்டு வாங்க, இங்க வந்து தண்ணி குடிச்சுட்டு உட்காருங்கய்யா, நாங்க கூப்பிடுறோம்” என்று சொல்லி வைத்திருப்பார்கள். குடலும் சிறுநீர்ப்பையும் ஸ்கேன் எடுத்த நாளைப் போலவே தினமும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு.

*

புரோஸ்டேட் நாளுக்கு நாள் இடம் மாறும். நுரையீரல் கட்டிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மூச்சுக்கு மூச்சு மாறும்.

ஜப்பானின் வடக்குத் தீவில், சப்போரோ நகரின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஹிரோக்கி ஷிராட்டோவும் குழுவினரும் 1990களின் இறுதியில் இதற்கு ஓர் அபாரமான வழி கண்டார்கள். மூச்சுக்குழாய் வழியே குழலை விட்டு, கட்டியின் பக்கத்தில் 2 மில்லிமீட்டர் தங்கக் குண்டு ஒன்றைப் பதித்தார்கள். கடுகைப் போன்ற சிறு உருண்டை. கட்டி எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்; தங்கம் பளிச்சென்று தெரியும். சிகிச்சை அறையில் நான்கு எக்ஸ்ரே கருவிகளைப் பொருத்தி, வினாடிக்கு 30 முறை அந்தக் குண்டு எங்கே என்று பார்த்தார்கள். திட்டமிட்ட இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் குண்டு வரும் கணங்களில் மட்டும் லினாக் கதிரைவிடும், விலகினால் நின்றுவிடும். மூச்சு உள்ளே போகும், வெளியே வரும்; கதிரும் அதோடு சேர்ந்து விட்டுவிட்டுப் பாயும்.

அந்தக் குண்டுகளின் பாதையை நெதர்லாந்தைச் சேர்ந்த இவெட் செப்பென்வூல்ட என்ற இயற்பியலர் அலசி 2002இல் வெளியிட்டார். 20 நோயாளிகள், 21 கட்டிகள். நுரையீரலின் கீழ்மடலில், எலும்போடு ஒட்டாமல் இருக்கும் கட்டி சராசரியாக 12 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய்வந்தது. மூச்சை இழுக்கும்போது போன வழியிலேயே விடும்போது திரும்பாத கட்டிகள் பாதியளவு இருந்தன. முட்டை வடிவத்தில் ஒரு சுற்றுச் சுற்றின. ஏழு கட்டிகளில் இதயத் துடிப்பின் அதிர்வுகூடத் தனியாகப் பதிவாகியிருந்தது. உடம்புக்குள் நடக்கும் இந்த ஓயாத நடமாட்டத்தை, அசையாத ஒரு வட்டத்துக்குள் இத்தனை ஆண்டும் அடைத்துவைத்திருந்தோம்!

*

சரி, தங்கம் பதிக்காமல், தினமும் சிகிச்சை மேஜையிலேயே படம் பிடித்துப் பார்த்தால் என்ன? அந்த யோசனைக்கு வயது அதிகம். சிகிச்சைக் கதிரையே படம் பிடிக்கவும் பயன்படுத்தி, உடம்புக்கு அந்தப் பக்கம் ஃபிலிம் வைத்து எடுத்துப் பார்ப்பது வழக்கமாகவே இருந்தது. ஆனால் அந்தப் படம் மார்கழிப் பனியில் பார்க்கும் தெருவைப்போல இருக்கும்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயின் ஆற்றல் குறைவு. எலும்பிலுள்ள கால்சியம் அதைச் சதையைவிடப் பலமடங்கு விழுங்கிவிடும். அதனால்தான் எலும்பு வெள்ளையாகத் துலங்குகிறது. கோபால்ட் கதிரும் லினாக் கதிரும் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வலியவை. எலும்பென்றும் சதையென்றும் அவை பெரிதாக வேற்றுமை பார்ப்பதில்லை. ஆழத்தை எட்டுவதற்குத் துணைநின்ற அதே குணம் படம் பிடிப்பதற்கு எதிரியாகிவிட்டது.

சஸ்கட்டூனில் கோபால்ட் இயந்திரத்தை உருவாக்கிய ஹரோல்ட் ஜான்ஸ் பின்னர் டொரொன்டோவுக்குப் போனார். 1950களின் இறுதியில் அவரும் ஜான் கன்னிங்ஹாமும் வடிவமைத்த கோபால்ட் கருவியில் தனியாக ஓர் எக்ஸ்ரே குழாயும் உண்டு. அதே கதிர் போகும் பாதையை மெல்லிய எக்ஸ்ரேயால் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். காலத்துக்கு முந்திய யோசனை. படத்தை உடனே காட்டும் தகடும் இல்லை, அதைக் கணக்கிடும் கணினியும் இல்லை. அது அப்படியே தூங்கியது.

எழுப்பியவர்களில் முக்கியமானவர் டேவிட் ஜாஃப்ரே. முதல் கோபால்ட் கதிர் பாய்ந்த அதே ஒன்டாரியோ லண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். மிச்சிகன் மாநிலத்தின் ராயல் ஓக் நகரில், வில்லியம் பூமான்ட் மருத்துவமனையில் ஜான் வோங், ஜெஃப்ரி சீவர்ட்சன் ஆகியோரோடு சேர்ந்து வேலை செய்தார். லினாக்கின் தலைக்குச் செங்கோணத்தில் இரண்டு கைகள்: ஒன்றில் எக்ஸ்ரே குழாய், எதிரே இன்னொன்றில் சிலிக்கான் தகடு. நோயாளி மேஜையில் படுத்தபடியே இருக்க, லினாக் அவரை ஒருமுறை சுற்றிவரும். சுற்றும்போது தகடு நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவிடும். கணினி அவற்றைக் கோத்து முப்பரிமாணப் படமாக்கும். கூம்பு வடிவ எக்ஸ்ரே என்பதால் கோன்பீம் சி.டி. என்று பெயர். 2002இல் ஜாஃப்ரே குழுவின் கட்டுரை வெளிவந்தது. அதே பத்தாண்டில் பெரிய லினாக் நிறுவனங்கள் இரண்டுமே அந்தக் கைகளைத் தம் இயந்திரங்களில் பொருத்தி விற்க ஆரம்பித்தன.

இப்போது தினமும் காலையில் எடுத்த படத்தைத் திட்ட நாள் படத்தின்மேல் திரையில் பொருத்திப் பார்த்து, மேஜையை 3 மில்லிமீட்டர் இடதுபக்கம், 2 மில்லிமீட்டர் மேலே என்று நகர்த்திவிட்டுச் சிகிச்சை தொடங்கலாம். தோல்கோட்டின் ஆட்சி முடிந்தது அங்கேதான். ஆம்ஸ்டர்டாமின் மார்செல் வான் ஹெர்க் விளிம்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கே 2000ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் கொடுத்திருந்தார். தினமும் மாறி மாறி வரும் பிசகைவிட, முதல் நாளிலேயே புகுந்து கடைசிவரை கூடவே வரும் பிசகுதான் மூன்று நான்கு மடங்கு ஆபத்து என்பது அதன் சாரம். ஹூஸ்டனில் நடந்ததும் அதுதானே!

வேறு பாதைகளிலும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஆட்லர் ஒரு ரோபோ கையில் சிறிய லினாக்கை மாட்டி, கூரையிலிருந்து எக்ஸ்ரே எடுத்தபடியே குறியைத் திருத்தும் சைபர்நைஃபை 1994இல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தினார். சஸ்கட்டூனில் படித்த ராக் மேக்கி, விஸ்கான்சினில் லினாக்கைச் சி.டி. ஸ்கேனரின் வளையத்துக்குள்ளேயே சுழலவைத்தார். டோமோதெரபி என்ற அந்த இயந்திரத்தில் 2002இல் சிகிச்சை தொடங்கியது. பிட்ஸ்பர்க்கில் டேவிட் டவுன்சென்ட், பெட் ஸ்கேனையும் சி.டி.யையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்து 1998இல் இயக்கிக் காட்டினார். நுரையீரலில் எது கட்டி, எது காற்றுப் போகாமல் வெறுமனே சுருங்கிக் கிடக்கும் பகுதி என்று சி.டி. திணறும் இடத்தில், சர்க்கரையை வேகமாக விழுங்கும் இடம் எது என்று பெட் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொன்றும் தனி அத்தியாயம் கேட்கும். இந்த இதழில் இடமில்லை.

*

கோன்பீம் சி.டி. எலும்பைத் தெளிவாகக் காட்டும். சதைக்குள் சதை என்றால் திணறும். கணையம் எங்கே முடிகிறது, குடல் எங்கே தொடங்குகிறது என்பது அதில் கலங்கல் தண்ணீர். அதுவும் கதிர் பாய்வதற்கு முன்பு எடுத்த படம்தான், பாயும்போது எடுத்ததில்லை. சதையைப் பிரித்துக் காட்ட எம்.ஆர்.ஐ.யை மிஞ்ச ஆளில்லை. அப்படியானால் எம்.ஆர்.ஐ.க்குள்ளேயே லினாக்கை வைத்துவிட்டால்?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் யான் லாகென்டைக்கும் பாஸ் ராய்மாக்கர்ஸும் 1999இல் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். ஒரே உறையில் இரண்டு வாள் போலத்தான் தோன்றியிருக்கும். லினாக் என்பது எலக்ட்ரான்களை ஒரு நேர்கோட்டில் விரட்டி ஓர் உலோகத்தகட்டில் மோதவைக்கும் கருவி. காந்தம் பக்கத்தில் வந்தாலே எலக்ட்ரான்கள் தடம் மாறும். எம்.ஆர்.ஐ.யின் காந்தமோ 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. மறுபக்கம், எம்.ஆர்.ஐ. காதுகொடுத்துக் கேட்பது உடம்பிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளை. லினாக்கோ ரேடியோ இரைச்சலின் இருப்பிடம்.

அவர்கள் காந்தத்தின் சுருள்களை மாற்றியமைத்தார்கள். காந்தத்துக்கு வெளியே, அதைச் சுற்றி வளையம்போல ஓர் இடத்தில் புலம் ஏறக்குறைய பூஜ்யமாகும்படி செய்தார்கள். அந்த வளையத்தில் லினாக் சுற்றிவரும். சுருள்களை நடுவில் விலக்கி வைத்து, அந்த இடைவெளி வழியே கதிர் உள்ளே போகும்படி விட்டார்கள். இரைச்சலைத் தடுக்க எம்.ஆர்.ஐ.யைச் சுற்றிக் கட்டும் உலோகக் கூண்டில் காந்தத்தின் குளிர்கலன் சுவரையே ஒரு பகுதியாக்கி, லினாக்கைக் கூண்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இன்னொரு சிக்கல் உடம்புக்குள்ளேயே காத்திருந்தது. கதிர் நேரடியாகக் கட்டியைக் கொல்வதில்லை. சதையிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகிறது, அவைதான் ஆற்றலை அங்கங்கே கொட்டுகின்றன. காந்தப்புலத்தில் அந்த எலக்ட்ரான்கள் வளையும். சதை முடிந்து காற்று தொடங்கும் இடத்தில், நுரையீரலிலோ வாயு நிறைந்த குடலிலோ, வெளியே பறந்த எலக்ட்ரான் ஒரு வளைவு வளைந்து திரும்பி வந்து அதே சுவரில் விழும். அந்தச் சுவருக்குக் கூடுதல் கதிர். பல திசைகளிலிருந்து, அளவு பார்த்துக் கதிரைப் பிரித்துக் கொடுத்தால் இதைச் சரிக்கட்டலாம் என்று கணக்கிட்டே காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. படத்தில் எலும்பும் காற்றும் இரண்டுமே கருப்பாகத் தெரியும் என்பதால், அடர்த்தியின் எண்களுக்கு மட்டும் பழைய சி.டி.யிடமே கடன் வாங்கினார்கள்.

2009இல் உட்ரெக்ட் குழு, கதிர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே 1.5 டெஸ்லாவில் படம் எடுத்துக் காட்டியது. கனடாவின் எட்மன்டனில் ஜீனோ ஃபலோனின் குழு அதற்குச் சற்று முன்பே, 2008இன் இறுதியில், வலிமை குறைந்த காந்தத்தோடு இதைச் சாதித்திருந்தது.

நோயாளியின் பக்கம் முதலில் போய்ச் சேர்ந்தது இவர்கள் இருவருமில்லை. ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் டெம்ப்சி தொடங்கிய வியூரே என்ற நிறுவனம் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தது. கோபால்ட் துண்டு காந்தத்தைப் பற்றிக் கவலைப்படாது. அதற்குள் விரட்ட எலக்ட்ரானும் இல்லை, இரைச்சலும் இல்லை. 0.35 டெஸ்லா காந்தத்தைச் சுற்றி மூன்று கோபால்ட் மூலங்கள். பழைய கதையென்று ஒதுக்கப்பட்டுவந்த கோபால்ட், 2014 ஜனவரியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே கொடுத்த முதல் சிகிச்சைக்குக் கதிர் தந்தது. பின்னர் அந்த நிறுவனமும் லினாக்குக்கு மாறியது.

வியூரேயின் இயந்திரத்தை வைத்துத்தான் விளிம்பின் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அமர் கிஷானின் குழு புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 156 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. சி.டி. வழிகாட்டியவர்களுக்கு விளிம்பு 4 மில்லிமீட்டர்; எம்.ஆர்.ஐ. வழிகாட்டியவர்களுக்கு 2 மில்லிமீட்டர். 2023இல் வெளியான முடிவு: சிகிச்சையை ஒட்டிய நாட்களில் கவனிக்கத்தக்க சிறுநீர்த் தொல்லை முதல் பிரிவில் 43.4 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 24.4 சதவீதம் பேருக்கு. குடல் தொல்லை 10.5 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. 2 மில்லிமீட்டர்; கை நகத்தின் வெள்ளை விளிம்பளவு. இரவில் நாலைந்து தடவை எரிச்சலோடு எழுந்திருக்கும் ஒருவருக்கு அதன் பொருள் என்னவென்று எண்ணிப் பார்த்தால் போதும். அதே 2023இல் வியூரே நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்புக் கோரியது வருத்தமான செய்தி. நல்ல இயந்திரம் என்பது மட்டுமே ஒரு இயந்திரத்தைக் காப்பாற்றுவதில்லை. விலை அதிகம், ஒவ்வொருவருக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது, வெளியே வரிசை நிற்கிறது.

மீண்டும் உட்ரெக்ட்டுக்கு. 2017 மே. யோசனை தோன்றி 18 ஆண்டு கழித்து முதல் நோயாளிகளைப் படுக்கவைக்கிறார்கள். மூளையையோ கணையத்தையோ அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நோய் பரவி இடுப்பு முள்ளெலும்பில் வலியோடு இருந்த நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வலி குறைக்க ஒரே முறை 8 கிரே அளவுக் கதிர். இந்தத் தேர்வில் இருந்த பொறுப்புணர்வைச் சொல்லியாக வேண்டும். புதிய கண் சரியாகப் பார்க்கிறதா என்பதை அந்தக் கண்ணையே கேட்டு உறுதிசெய்ய முடியாது. முள்ளெலும்பு எம்.ஆர்.ஐ.யிலும் தெரியும், சிகிச்சைக் கதிரால் எடுக்கும் அந்தப் பனிமூட்டப் படத்திலும் எலும்பென்றால் ஓரளவு தெரியும். அதனால் இயந்திரத்துக்குள்ளேயே பழைய பாணித் தகடு ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது.

நோயாளி குழலுக்குள் படுத்திருக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அந்தப் படத்தின்மேலேயே, அவர் காத்திருக்க, திட்டத்தைப் புதிதாகப் போட்டார்கள். மூன்று அல்லது ஐந்து திசைகளிலிருந்து கதிர் பாய்ந்தது. எம்.ஆர்.ஐ. இங்கே என்று காட்டிய இடத்துக்கும் தகட்டில் எலும்பு உண்மையில் தெரிந்த இடத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்று பிறகு அளந்தார்கள். நான்கு பேரிலும் மிகக் குறைந்தது 0.2 மில்லிமீட்டர், மிக அதிகம் 0.4 மில்லிமீட்டர்.

(தொடரும்)